புளிச்ச மாவு புது முகவரிக்குப் போகிறது

7

“மேடம், ஒரு மனுஷன் பேரை மாத்திக்கிட்டா ஒண்ணு கடன்காரன் துரத்துறான், இல்ல போலீஸ் துரத்துதுன்னு அர்த்தம். ஒரு ப்ளாக் பேரை மாத்திக்கிட்டா என்ன அர்த்தம்?”

கோந்து இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. மேடம் சிரிக்காதது வழக்கம்தான். எதிரே உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. காணாமல் போனது அவருடைய கூடப் பிறந்த அக்கா.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில் உடைந்ததையெல்லாம் கோந்து போட்டே ஒட்டிக் கொடுத்த புண்ணியத்தில் வந்த பெயர் அது. கடை போண்டியாகிவிட்டது, பெயர் போகவில்லை. மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். எரிந்த கடையைப் பார்த்த மாத்திரத்தில் முதலாளியின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். சாம்பல் எங்கேயும் ஓடிப் போகாது என்பது அவர் வாதம். இப்போது இருவருக்கும் துப்பறிவதுதான் தொழில்.

பேக்கரிக்காரர் தன் போனை மேஜையில் வைத்துத் திருப்பிக் காட்டினார். கோந்து சத்தமாகப் படித்தான்.

“‘நண்பர்களே, புளிச்ச மாவு என்ற இந்த வலைப்பூவின் பெயர் இன்று முதல் புதிய விடியல். முகவரியும் மாறிவிட்டது. பழைய மின்னஞ்சலுக்கு யாரும் எழுத வேண்டாம். நான் வெகுதூரம் வந்துவிட்டேன். என்னைத் தேட வேண்டாம்.’”

அவன் போனைக் கீழே வைத்தான். “புளிச்ச மாவுன்னு பேர் வெக்கத் தெரிஞ்ச பொம்பளைக்கு, புதிய விடியல்னு வெக்கற அளவுக்கு அப்படி என்ன கஷ்டம் வந்துச்சோ.”

“கோந்து,” என்றார் மேடம். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அக்காவை ஊரே ரொட்டி டீச்சர் என்றுதான் கூப்பிடும். மாவைப் புளிக்க வைத்து ரொட்டி சுடுவது எப்படி என்று வீட்டுச் சமையலறையில் வகுப்பு எடுத்தாள், அதையே வலைப்பூவிலும் எழுதினாள். தம்பியின் பேக்கரிக்கு வருகிற கூட்டத்தைவிட அக்காவின் வலைப்பூவுக்கு வருகிற கூட்டம் அதிகம். போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவள் திரும்பவில்லை. போனும் அவளோடு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் இந்த அறிவிப்பு. அறிவிப்புக்குப் பிறகு தினம் ஒரு பதிவு வேறு.

“மாமாதான் மேடம் பண்ணியிருக்கார்,” என்றார் பேக்கரிக்காரர். மாமா என்றது அக்காவின் புருஷனை. “அக்காவை என்னவோ பண்ணிட்டு, அவளே ஓடிப்போயிட்ட மாதிரி காட்டறார். அன்னிக்கு லோடு ஏத்திக்கிட்டு லாரியில போயிட்டேன்னு சொல்றார். வழியில லாரி எங்க நின்னுச்சு, எங்க திரும்புச்சுன்னு யாருக்குத் தெரியும்? போலீஸ் கூப்பிட்டு விசாரிச்சாங்க, விட்டுட்டாங்க. நீங்கதான் நிரூபிச்சுக் குடுக்கணும்.”

“உங்க அம்மா என்ன சொல்றாங்க?”

அவர் முகம் வாடியது. “அம்மாவுக்குக் கண்ணு போய் வருஷமாச்சு மேடம். காலைல எந்திரிச்சதும், அக்கா எழுதியிருக்காளான்னு கேக்கும். நான் படிச்சுக் காட்டுவேன். அந்த உசுரு அதுலதான் தொங்கிட்டு இருக்கு. அவ இருக்காளா இல்லையா, அம்மாவுக்கு ஒரு பதில் வேணும்.”

கோந்துவுக்கு மனசு என்னவோ செய்தது. அவன் அம்மாவும் இப்படித்தான், அவன் போன் பண்ணாத நாளில் சாப்பிடமாட்டாள்.

மேடம் கேட்டார். “கோந்து, முகவரி மாறினது முதல்லயா, அறிவிப்பு முதல்லயா?”

அவன் போனைத் தட்டிப் பார்த்தான். “முகவரிதான் முதல்ல. மாறினதுக்கு அப்புறம் புது இடத்துல போட்டிருக்கு.”

“அப்போ பழைய இடத்துல தேடி வர்றவங்களுக்கு?”

“ஒண்ணும் இருக்காது. ‘இப்படி ஒரு பக்கம் இல்லை’ன்னு வரும். எங்க போனாங்கன்னு தெரியாது.” சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். “மேடம், வீடு மாறுறவன் காலி பண்றதுக்கு முன்னாடியே நாலு பேர்கிட்ட சொல்லிட்டுப் போவான். இது காலி பண்ணிட்டு, புது வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, சுவத்துக்கிட்ட சொன்ன மாதிரி இருக்கு.”

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்றார் பேக்கரிக்காரர் அவசரமாக. “எழுதறவளா இருந்தா இப்படிச் செய்வாளா? இது மாமா வேலை. மெயிலை மாத்தணும்னா பழைய மெயிலுக்கு ஒரு நம்பர் வரும், அதைப் போட்டாத்தான் விடும். அந்த மெயில் அக்கா போன்லதான் இருக்கு. போன் எங்கன்னு அவரைக் கேளுங்க.”

மேடம் தலையை ஆட்டினார். வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார்.

“அந்தப் புது முகவரி இவருக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு நீ கேக்கலையே,” என்றார்.

“அக்கா அனுப்பியிருப்பா...” என்ற கோந்து, பாதியிலேயே சாவியை எடுத்தான். “சரி, லாரிக்கார மாமாவைப் பார்த்துட்டு வந்துடுவோம்.”

லாரிக்காரர் கதவைத் திறந்தபோது நாலு நாள் தாடியும் அழுக்குப் பனியனுமாக இருந்தார். போலீஸ் கேட்டதையே இவர்களும் கேட்கப் போகிறார்கள் என்ற சலிப்பு அவர் குரலில் இருந்தது.

“கம்ப்யூட்டரா? எனக்கு அதை எங்க அமுக்கணும்னே தெரியாதுங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள என் லாரி ஊர் போய்ச் சேர்ந்துடும். அவதான் எல்லாம் படிச்சுச் சொல்லுவா.”

“ஆள் வெச்சுச் செய்யலாம்ல?” என்றான் கோந்து.

“வெச்சுச் செய்யலாம்,” என்றார் அவர், கோபமே இல்லாமல். “எதுக்குச் செய்யணும்?”

மேடம் சமையலறைக்குள் போனார். வகுப்பு நடந்த இடம் அது. நீள மேஜை, வரிசையாக ரொட்டி அச்சுகள், ஓரத்தில் கைக்கு அடக்கமான ஒரு தராசு. அலமாரியைத் திறந்து கிண்ணங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

“இந்த வீட்ல அளவுக் கப்பே கிடையாதா?”

“கிடையாதுங்க. உப்புக்கூட தராசுலதான் போடுவா. கப்புல அளந்தா ஒருநாள் ரொட்டி, ஒருநாள் செங்கல்னு சொல்லுவா.”

மேடம் ஃப்ரிட்ஜைத் திறந்தார். கீழ்த் தட்டில் ஒரு கண்ணாடிக் குடுவை. வாயில் துணி கட்டியிருந்தது. துணியை அவிழ்த்ததும் குப்பென்று ஒரு நாற்றம். உள்ளே மாவு அடியில் படிந்து, மேலே கறுப்பாகத் தண்ணீர் நின்றது. கோந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினான்.

லாரிக்காரர் குடுவையை வாங்கிக்கொண்டார். “தாய் மாவுங்க இது. ரொட்டி உப்புறதே இதாலதான். அப்பப்போ ஒரு கை மாவும் தண்ணியும் போட்டுக்கிட்டே இருக்கணும், இல்லைன்னா செத்துடும். அவ அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது. என் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனப்பக்கூட மடியில வெச்சுக்கிட்டு வந்தா. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் எந்திரிச்சு நின்னுக்கிட்டே வந்தான்.” சிரிக்க முயன்றார், முடியவில்லை. “இப்படி ஆக விடமாட்டாளே. நான் இந்த ஃப்ரிட்ஜைத் தொறக்கவே இல்லைங்க, தொறக்க மனசு வரல.”

மேடம் மெதுவாகச் சொன்னார். “புருஷனை விட்டுட்டுப் போன பொம்பளைங்களை நிறைய பார்த்திருக்கேன். தப்பா நினைக்காதீங்க, உங்களை விட்டுட்டுப் போயிருக்கலாம். இதை விட்டுட்டுப் போயிருக்க மாட்டாங்க.”

“அப்போ அவ எங்கயும் போகலையா?”

“போகலை.”

அவர் குடுவையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்குச் சொல்லவேண்டி இருக்கவில்லை. இவர் கழுத்தைப் பிடிக்கத்தான் காலையில் கிளம்பினோம் என்று நினைத்தபோது கோந்துவுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மேடம் கேட்டார். “நீங்க லோடு எடுத்துக்கிட்டுக் கிளம்பின அன்னிக்கு அவங்க எப்படி இருந்தாங்க?”

“பள்ளிக்கூட ஹாஸ்டல்ல பிள்ளைங்க வயித்தால போய் படுத்தாங்களே, ஒரு குழந்தை எந்திரிக்கவே இல்லையே. அதுலேர்ந்து அவ சரியாத் தூங்கலைங்க. தண்ணி சரியில்லைன்னு பேப்பர்ல போட்டாங்க. காரணம் தண்ணி இல்லை, தண்ணி இல்லைன்னு இவ முனகிக்கிட்டே இருந்தா. அன்னிக்கு உக்காந்து என்னமோ எழுதி ப்ளாக்ல போட்டா. என்ன எழுதினன்னு கேட்டேன். வந்ததும் படிச்சுக் காட்டறேன், முதல்ல சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிட்டு வந்துடறேன்னா.”

“யார்கிட்ட?”

“கேக்கலைங்க. லாரிக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன்.” அவர் குடுவையின் துணியைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார். முடிச்சு விழவே இல்லை.

கார் சிக்னலில் நின்றபோது கோந்து பழைய பதிவுகளைத் தேடி முடித்திருந்தான். “அன்னிக்குப் போட்ட பதிவு இல்லை மேடம். எடுத்துட்டாங்க. ஆனா ஒரு பதிவை எடுக்கணும்னா எடுத்துட்டுப் போகவேண்டியதுதானே? பேரு, முகவரி, மெயில்னு எதுக்கு இந்தத் தலைகீழ் வேலையெல்லாம்?”

“அதுக்குள்ள யாராவது படிச்சிருப்பாங்க. நாலு பேருக்கு லிங்க் அனுப்பியிருப்பாங்க.”

“முகவரியை மாத்துனா அந்த லிங்க் எல்லாம் செத்துடும்,” என்றான் கோந்து. அவனுக்குப் புரிய ஆரம்பித்தது. “பேரை மாத்துனா தேடறவனுக்குக் கிடைக்காது. மெயிலை மாத்துனா வேற யாரும் உள்ள போய் பழசைத் தோண்ட முடியாது. சரி, மொத்தமா அழிச்சுத் தொலைச்சிருக்கலாமே?”

“அழிச்சா ஆள் செத்துட்டாங்களோன்னு தோணும். மாத்துனா ஆள் எங்கயோ இருக்காங்கன்னு தோணும்.” மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “அந்தப் புது ப்ளாக்ல ஒரு கமெண்ட் போட்டா என்னாகும்?”

“உடனே வெளில வராது. புது மெயிலுக்குப் போகும். அந்த மெயில் வெச்சிருக்கிறவங்க பார்த்து சரின்னு சொன்னாத்தான் மத்தவங்க கண்ணுல படும்.”

“அப்போ போடு. ‘டீச்சர், நீங்க போட்டுட்டு எடுத்தீங்களே, அந்தப் பதிவை நான் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன். யார்கிட்ட குடுக்கணும்?’ கையெழுத்துக்கு ஏதாவது பட்டப்பேர் போடு. மறக்க முடியாத மாதிரி.”

கோந்து சிக்னலைப் பார்த்தான், பக்கத்தில் நின்ற வண்டிகளைப் பார்த்தான், தட்டினான். “போட்டாச்சு மேடம். எலிப்பொறியில வடை வெச்சாச்சு. எலி யாருன்னு உங்களுக்குத் தெரியும்போல இருக்கே?”

“ஹாஸ்டலுக்கு ரொட்டி எங்கேர்ந்து போகுதுன்னு விசாரி,” என்றார் மேடம்.

மறுநாள் காலையில் பேக்கரிக்காரரே போன் பண்ணினார். முக்கியமான விஷயம், கடைக்கு வரமுடியுமா என்றார். கிளம்பும் முன் கோந்து வலைப்பூவைத் திறந்து பார்த்தான். அவன் போட்ட கமெண்ட் வெளியே வரவில்லை. மேடம் இன்ஸ்பெக்டருக்கு ஒரு போன் போட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

பேக்கரியின் முன்பக்கம் கண்ணாடி அலமாரியும் கல்லாவும். அதைத் தாண்டினால் மாவு பிசைகிற பெரிய மெஷினும் அடுப்பும் இருக்கிற கூடம். கூடத்துக்குப் பின்னால் கதவில்லாத வாசலோடு மாவு மூட்டை அறை. அடுப்புப் பக்கம் ஸ்டூல் போட்டு ஒரு அம்மாள் அட்டைப் பெட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பார்வை எங்கேயோ இருந்தாலும் கை பிசகவில்லை. பெட்டி தீர்ந்ததும் எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு மாவு அறைக்குள் போனாள். வாசலைத் தாண்டியதும் கால் இடறித் தடுமாறினாள்.

“அம்மா, அங்க போகாதன்னு எத்தனை தடவை சொல்றது?” பேக்கரிக்காரர் ஓடிப்போய்ப் பிடித்தார்.

“தரை உசந்திருக்கேடா. இத்தனை வருஷம் நடந்த தரை, காலுக்குப் பழகமாட்டேங்குது.”

“எலி வளை மேடம்,” என்று அவர் இவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். “அடைச்சு சிமெண்ட் போட்டேன்.” அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார். “ஒரு துப்பு கிடைச்சிருக்கு. அக்காகிட்ட ரொட்டி கத்துக்க ஒரு பொண்ணு வரும். சிவப்பு ஸ்கூட்டர் வெச்சிருக்கும். மாமாவுக்கும் அதுக்கும் பழக்கம்னு இப்பதான் கேள்விப்பட்டேன். அந்தப் பொண்ணு எங்க இருக்குன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மிச்சத்தை நான் பேசிக்கறேன்.”

இவர் அந்தப் பெண்ணை எதற்குத் தேடுகிறார் என்பது கோந்துவுக்கு நன்றாகவே புரிந்தது.

“யார் சொன்னா உங்களுக்கு?” என்று கேட்டார் மேடம்.

“அக்காதான். எப்பவோ ஒரு தடவை சொல்லியிருக்கா. ரொம்ப நாளா வருதாம்.”

“கோந்து, அந்தச் சிவப்பு ஸ்கூட்டர் எப்போ பொறந்துச்சு?”

“நேத்து மேடம். சிக்னல்ல. முதல்ல நீலம்னுதான் நினைச்சேன். பக்கத்துல சிவப்பு வண்டி வந்து நின்னுச்சு.”

பேக்கரிக்காரருக்குப் புரியவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்படி ஒரு பொண்ணே கிடையாது,” என்றார் மேடம். “கோந்து போட்ட கமெண்ட்ல, ‘சிவப்பு ஸ்கூட்டர் பொண்ணு’ங்கற கையெழுத்துல மட்டும்தான் அவ இருக்கா. அந்தக் கமெண்ட் இன்னும் வெளில வரலை. புது மெயில் யார் கையில இருக்கோ, அவங்க ஒருத்தர்தான் படிச்சிருக்க முடியும். உலகத்துல வேற யாருக்கும் அந்த ஸ்கூட்டரோட நிறம் தெரியாது.”

“மாமா போன் பண்ணி...”

“உங்க அக்கா சொன்னதா இப்பதானே சொன்னீங்க?”

அவர் ஒரு அடி பின்வாங்கி மெஷின் மேல் கையை ஊன்றினார்.

“ஹாஸ்டலுக்கு ரொட்டி போறது இந்தக் கடையிலேர்ந்து. கோந்து விசாரிச்சான், அன்னிக்கு வந்த ரொட்டியில பூஞ்சை நாத்தம் அடிச்சுதாம். பூஞ்சை பிடிச்ச மாவைக் கொட்ட மனசு வராம சுட்டு அனுப்பிட்டீங்க. அதை எழுதிப் போட்டுட்டு, முதல்ல தம்பிகிட்ட சொல்லணும்னு இங்கதான் வந்தாங்க. அவங்க போன் உங்க கையில சிக்குச்சு. எல்லாத்தையும் மாத்தினீங்க. போலீஸ் உங்க மாமாவை விட்டுட்டாங்க, அது உங்களுக்கு இடிச்சுது. சந்தேகத்தைத் திரும்ப அவர் மேல தள்ள ஆள் வேணும்னுதான் எங்களைத் தேடி வந்தீங்க.”

“பொய்,” என்றார் பேக்கரிக்காரர். “எல்லாம் கற்பனை. அவ தினம் எழுதறா, அம்மாவைக் கேளுங்க. நான் தினம் படிச்சுக் காட்டறேன். அம்மா, சொல்லும்மா.”

அடுப்புப் பக்கம் பெட்டி மடிக்கிற சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

“ரெண்டு கப் மாவு, முக்கால் கப் தண்ணின்னு படிச்சியேடா,” என்றாள் அம்மா. “என் பொண்ணு என்னைக்கு கப்புல அளந்தா? அளக்கறதுக்கு நான் அவளுக்குத் தராசைத் தவிர வேற எதைக் குடுத்தேன்? நீ கல்லாவுல உக்காந்தவன், மாவுல கை வெச்சவன் இல்லை. உனக்கு எப்படித் தெரியும்?”

“அம்மா...”

“முதல் நாளே தெரியும் எனக்கு, எழுதறது நீதான்னு. அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு, சொன்னா அம்மா தாங்கமாட்டான்னு மறைக்கிறான், பாவம், கண்ணு முழிச்சு உக்காந்து எழுதுதே என் பிள்ளைன்னு நினைச்சேன். உனக்காகத்தாண்டா கேட்டுக்கிட்டிருந்தேன். நல்லா எழுதியிருக்காடான்னு சொன்னேனே தினமும்.”

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. “எங்கிட்ட கேக்காம போட்டுட்டாம்மா. எடுத்துடுன்னு கெஞ்சினேன். அந்தக் குழந்தையால கெஞ்ச முடியாதேடான்னா. தள்ளினேன், அவ்வளவுதான். மெஷின் ஓரத்துல தலை பட்டுடுச்சு. நான் நினைக்கவே இல்லம்மா.”

“எங்கடா அவ?”

அவர் கண் மாவு அறை வாசலுக்குப் போனதைக் கோந்து பார்த்தான். அம்மாவுக்கு அந்தப் பார்வை தெரிந்திருக்க வழியில்லை. மகன் பேசாமல் நின்றதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

வாசலில் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மேடம் பேக்கரிக்காரரின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். அவர் திமிறவில்லை.

அம்மா ஸ்டூலைவிட்டு எழுந்தாள். கோந்து கை கொடுக்கப் போனான், அவள் வேண்டாம் என்று விலக்கிவிட்டாள். சுவரைத் தொட்டுக்கொண்டு மாவு அறை வாசல் வரை நடந்தாள். வலது காலை முன்னால் நீட்டி, தரை எங்கே உயர்கிறது என்று தடவிப் பார்த்தாள். பாதம் சிமெண்ட் விளிம்பில் பட்டதும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

பிறகு குனிந்து, இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“இத்தனை நாளா மிதிச்சுக்கிட்டுல்ல நடந்தேன்,” என்றாள்.